திரும்பிப் பார்க்கும் புத்தர்

கியோட்டோவில் வெள்ளி மண்டபக் கோயிலின் வாசலைத் தாண்டியதும் மண்டபம் தெரியாது. பாதை சட்டென்று வலப்பக்கம் மடங்கும். மடங்கிய இடத்திலிருந்து இருபுறமும் ஆளை மறைக்கும் உயரத்தில் பச்சைச் சுவர். ஒரு பக்கத்தில் அடியிலே கற்கட்டு, அதன்மேல் மூங்கிலால் ஆன குட்டை வேலி, வேலிக்கும் மேலே கமீலியா முதலிய மரங்களை நெருக்கி வளர்த்து மட்டம் பிசகாமல் கத்தரித்த உயிர்வேலி. சுமார் 50 மீட்டர் நீளத்துக்கு இதே காட்சிதான். கடைத்தெருச் சரிவில் ஏறி வந்தபோது கண்ணில் ஒட்டிக்கொண்ட ஐஸ்கிரீம் பலகைகளும் விசிறிகளும் சாவிக்கொத்துகளும் அந்த நீளத்துக்குள் உதிர்ந்துபோகின்றன. கடைசியில் இன்னொரு திருப்பம், இம்முறை இடப்பக்கம். அதன் பிறகுதான் உள்வாசல். அதற்கும் பிறகுதான் மணல், குளம், மண்டபம்.

இந்தக் குட்டை மூங்கில் வேலியை ஜப்பானில் எங்கே கட்டினாலும் இந்தக் கோயிலின் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். வேலி ஒன்று இவ்வளவு பெயர் வாங்கியதற்குக் காரணம் அதன் வேலைப்பாடு மட்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்தைப் பார்க்கப் போகும் கண்ணை முதலில் காலி செய்து அனுப்புகிறது அது.

நாங்கள் போனது ஜூனில், அங்கே மழைக்காலம் தொடங்கிய சமயம். இரண்டு குடைகள் இணையாகப் போக இடமில்லாத பாதைகளில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நடந்தோம். பெரும்பாலும் என்னவர்தான் முன்னே. பொதுப்பணித்துறையில் வாய்க்கால்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவர். எங்கே போனாலும் தரையின் வாட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். நான் இலையைப் பார்த்தும் பாசியைப் பார்த்தும் நின்றுவிடுவேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, "என்ன, வர்றியா?" என்பார். அன்று முழுக்க அந்தத் திரும்புதலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இடங்களைக் கட்டியவர்களும் அதைத்தான் நினைத்திருக்கிறார்கள். நடந்து வருபவர் எங்கே குனிவார், எங்கே நிமிர்வார், எந்த இடத்தில் கழுத்தைத் திருப்புவார் என்று முடிவுசெய்துகொண்டு, அதற்கேற்பத்தான் கல்லையும் மணலையும் மரத்தையும் வைத்திருக்கிறார்கள்.

ஜிஷோஜி என்பது கோயிலின் முறையான பெயர். எட்டாவது அஷிகாகா ஷோகனான யோஷிமாசா தன் ஓய்வுக்காலத்துக்கென்று 1482இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் அவருடைய தலைநகரமே எரிந்து கரியானது; தடுக்க அவரால் இயலவில்லை. மனைவி ஹினோ தொமிகோ நகர வாயில்களில் சுங்கம் வைத்தும் வட்டிக்குக் கொடுத்தும் பெரும் பணம் சேர்த்தவர். கடைசிக் காலத்தில் இருவரும் தனித்தனியே வாழ்ந்தார்கள். 1489இல் மண்டபம் எழும்பியது. 1490 தொடக்கத்தில் யோஷிமாசா இறந்துபோனார். ஆட்சியாளனாகத் தோற்றவர், கணவனாகவும் தோற்றவர் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அவர் ஆதரித்த தேநீர்க் கூடலும் மலர் அடுக்கும் மை ஓவியமும் சிறிய அறையின் அழகும் இன்றுவரை ஜப்பானிய வீடுகளில் வாழ்கின்றன. இந்த வளாகத்தில் 1486இல் எழுந்த தோகுதோ என்ற சிறு கட்டடத்துக்குள் நாலரைப் பாய் அளவில் ஓர் அறை இருக்கிறது. ஜன்னலை ஒட்டி எழுதுபலகை, பக்கத்தில் சிறு அலமாரி, அவ்வளவே. ஜப்பானிய வீட்டின் வரவேற்பறைக்கு மூலம் என்று கட்டடக் கலைஞர்கள் சுட்டுவது இந்த அறையைத்தான்.

மண்டபத்தின்மேல் வெள்ளி ஒருநாளும் ஏறியதில்லை. அதை நினைத்து ஏமாற்றத்தோடு நிற்பவர்கள் உண்டு. மழையில் அதைப் பார்த்தவர்கள் ஏமாற மாட்டார்கள். மெல்லிய மரச்சீவல்களை அடுக்கடுக்காக வேய்ந்த கூரை, நனைந்ததும் ஒரே கருமையாகிறது. அதன் ஓரத்தை மட்டும் பாருங்கள்: நூற்றுக்கணக்கான சீவல்களின் நுனிகள் சேர்ந்து ஒரு தடித்த கோடாகி, மூலைகளில் மிக மிக மெதுவாக மேலே எழும்புகின்றன. எந்த இடத்தில் எழத் தொடங்கியது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேல்தளத்து ஜன்னல்கள் மணியின் உருவில் வளைந்தவை. உச்சியில் வெண்கலப் பறவை. கட்டடம் கிழக்கே பார்க்கிறது, நிலவு எழும் குன்றை நோக்கி.

மணலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடும் ஷிரகாவா ஆற்றின் வெள்ளை மணல் அது. கருங்கல் மலை உதிர்ந்து வந்தது. உற்றுப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே காக்காப்பொன்னின் கருந்துணுக்குகள் தெரியும். முழுக்க வெள்ளையாக இருந்திருந்தால் வெயிலில் கண் கூசும். அந்தக் கரும்புள்ளிகள்தான் வெண்மையை அடக்கி வைக்கின்றன. இந்த மணலால் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பரந்த மேடை. அதன்மேல் அகலமான வரிகள், ஒன்றுவிட்டு ஒன்று சொரசொரப்பாகவும் வழவழப்பாகவும். பக்கத்தில் தலை வெட்டப்பட்ட கூம்பாக, 180 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மணல் குன்று. நிலவொளியை மண்டபத்துக்குத் திருப்பி அனுப்புவதற்காக என்று சொல்வார்கள். ஆனால் யோஷிமாசா இவற்றைப் பார்த்ததில்லை. இன்றுள்ள வடிவம் எடோ காலத்தில், அவருக்கு நெடுங்காலம் கழித்து வந்தது. பின்னால் வந்த யாரோ ஒருவருக்கு, பழைய மண்டபத்தின் எதிரே இவ்வளவு துணிச்சலான ஒரு வடிவத்தை வைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். கட்டிய காலத்துக்கே கோயிலைப் பூட்டி வைக்காமல், அதன் மனம் அறிந்து ஒன்றைச் சேர்த்த கை அது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மணல் மேடையின் விளிம்பு கரையவில்லை. ஈரமாக்கி அடித்து இறுக்கிய மணல். கூம்பின் சரிவில் ஒரே ஒரு இடத்தில் நீர் வழிந்து விரலகலத் தடம் விழுந்திருந்தது. அவர் அதைத்தான் முதலில் பார்த்தார். "சாயங்காலம் இதைப் பூசிடுவாங்க" என்றார், கரை உடைப்பைப் பார்த்துப் பழகிய குரலில்.

மேலே ஏறும் வழியில், சிறு தட்டுகளில் பாசிகளைப் பிரித்து அடுக்கிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இந்தக் கோயிலுக்கு மிக வேண்டிய பாசிகள் ஒரு வகை, கொஞ்சம் தொந்தரவு தரும் பாசிகள் ஒரு வகை, மிகவும் தொந்தரவு தரும் பாசிகள் இன்னொரு வகை. எனக்கு எல்லாமே பச்சையாகத்தான் தெரிந்தன. குனிந்து கொஞ்ச நேரம் பார்த்த பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. ஒன்று குட்டி ஊசியிலை மரங்களின் காடு. ஒன்று தரையோடு படிந்து, நகத்தால் கீறினால் பெயர்ந்துவிடும் மென்மை. ஒன்று வெளுத்து, திரண்டு, குன்றுகளாக எழுந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்த பாதையே வேறாகிவிட்டது. மரத்தடியில் ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, பாசிக்குள் முளைத்த வேண்டாத முளைகளை விரல்நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். பாசியைப் பிடித்து இழுக்காமல் முளையை மட்டும் எடுக்க, கட்டைவிரலை எப்படி வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று தாழ, ஒன்று ஓங்க, ஈரமும் சேர்ந்துகொண்டதால் கண் பாதத்தை விட்டு அகலாது. பிறகு ஒரு திருப்பத்தில் அகலமான தட்டைக் கல் வருகிறது. கால் அதில் நிலைத்ததும் தலை தானாக நிமிர்கிறது. நிமிர்ந்தால், கீழே விட்டுவந்த மண்டபக் கூரையும் மணலும், அப்பால் நகரமும், அதற்கும் அப்பால் மேற்கு மலையும். தேநீர் மரபில் ஒரு பழைய கணக்கு உண்டு: நடைக்கல் பதிக்கும்போது நடப்பதற்கு ஆறு பங்கு, பார்வைக்கு நான்கு பங்கு என்று சென் நோ ரிக்யூ வைத்தாராம்; அவருடைய மாணவர் ஃபுருதா ஓரிபே அதைப் புரட்டி, நடப்பதற்கு நான்கு, பார்வைக்கு ஆறு என்றாராம். 16ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய தேநீர் ஆசான்கள் காலடிக் கல்லுக்கு இப்படிப் பங்கு பிரித்து வாதாடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு எவ்வளவோ சொல்கிறது. என்னைக் கேட்டால் நான் ரிக்யூ பக்கம். கால் பயமின்றி நின்றால்தான் கண் வேலை செய்யும்.

கோயிலிலிருந்து இறங்கியதும் வாய்க்கால். தத்துவப் பாதை என்று பெயர் பெற்ற நடைவழி, சுமார் 2 கிலோமீட்டர். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ சிந்தித்துக்கொண்டே நடந்த வழி என்பதால் வந்த பெயர். ஜூனில் கூட்டம் இல்லை. செர்ரி மரங்களில் பூ போய், இலை கறுத்து, கிளைகள் நீரின்மேல் சாய்ந்திருந்தன. இந்த மரங்களின் தொடக்கமும் ஒரு தம்பதியிடம்தான். பக்கத்தில் குடியிருந்த ஓவியர் ஹஷிமோதோ கன்செத்சுவும் அவர் மனைவி யோனேயும் 1920களின் தொடக்கத்தில் கன்றுகளை நகரத்துக்குக் கொடுத்தார்கள். யோனே 1932இல் மறைந்தார். அந்தக் கன்றுகள் பெரும்பாலும் மூத்து மாண்டு, புதியவை அவற்றின் இடத்தில் வந்துவிட்டன. மரங்களுக்குப் பெயர் மட்டும் இன்னும் ஓவியருடையதாகவே இருக்கிறது. மனைவியின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை.

அவர் நின்றுவிட்டார். "இந்தத் தண்ணி எதிர்ப்பக்கமா வருது பாரு" என்றார். எனக்கு விளங்கவில்லை. கியோட்டோ வடக்கே உயர்ந்து தெற்கே தாழ்ந்த ஊர். ஆறுகளெல்லாம் தெற்கு நோக்கி ஓடுகின்றன. நாங்கள் தெற்கே நடந்துகொண்டிருந்தோம். வாய்க்கால் நீரோ எங்களுக்கு எதிராக, வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஊரின் வாட்டத்தையே மறுத்து ஒரு வாய்க்காலை ஓடவைக்க, மலையோரத்தைப் பிடித்துக்கொண்டு சாண் சாணாகச் சரிவை அளந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அப்போது தெரிந்த மகிழ்ச்சியை மணல் கூம்பின் எதிரே நான் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் நடை மெதுவானது. நீரோட்டத்தில் விழுந்த ஓர் இலையைக் குறித்துக்கொண்டு, அது தன்னைக் கடக்கும்வரை பார்ப்பார். தெளிந்த, ஆழமில்லாத நீர். ஜூன் தொடக்கத்து இரவுகளில் இங்கே மின்மினிகள் பறக்கும்.

வாய்க்காலை விட்டு மலைப்பக்கம் கொஞ்சம் ஏறினால் ஹோனெனின். வெள்ளி மண்டபத்துக்கு வரும் கூட்டத்தில் சிறு பகுதிகூட இங்கே வருவதில்லை. ஹோனென் என்ற துறவி தம் சீடர்களோடு நாமம் சொல்லித் தவம் இருந்த இடத்தில் 1680இல் எழுந்த கோயில். கல் பாவிய பாதை, மேலே மரங்கள் மூடிய இருள், அதன் முடிவில் ஓலையால் வேய்ந்ததாகத் தோன்றும் ஒரு சிறு வாசல். கிட்டே போனால் நாணல் வேய்ந்த தடித்த கூரை, அதன்மேல் பாசி. மழை அதில் விழும் ஓசையே கேட்பதில்லை. கூரை முழுக்க வாங்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விடுகிறது. சொட்டு விழும் கோட்டில் மட்டும் கூழாங்கற்கள்.

இந்த வாசலுக்குப் படியேறித்தான் போக வேண்டும். வாசலின் அடியில் நின்றால் உள்ளே தரை கீழே கிடக்கிறது. மேலிருந்து பார்க்கும்படி, பாதையின் இரு பக்கமும் நீள்சதுர வெள்ளை மணல் மேடைகள் இரண்டு. அவற்றின் மேற்பரப்பில் பருவத்துக்குப் பருவம் வேறு வேறு சித்திரம் கீறுகிறார்கள். இலையுதிர் காலத்தில் இலை, கோடையில் நீர்ச்சுழி. நாங்கள் கண்டது நீர். ஒன்றில் வளையங்கள், மற்றதில் அலைவரி. இந்த இரண்டு மணல் மேடைகளும் தண்ணீரைக் குறிப்பவை. நடுவே நடந்து போகிறவர் தூய்மையாகி உள்ளே போகிறார் என்பது அவர்கள் எண்ணம். மேலே நின்று பார்க்கையில் சித்திரம் முழுதாகத் தெரியும். இறங்கி நடுவில் நடக்கையில், மேடை முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சித்திரம் மறைந்து வெறும் மணல் வரப்புகள் மிஞ்சும். பார்ப்பது ஓரிடத்தில், நடப்பது வேறிடத்தில். வாசலை உயர்த்திப் பாதையைத் தாழ்த்தியவர் யாரென்று பெயர் தெரியாது. அவருக்கு என் கும்பிடு.

மூலக்கூடம் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை மட்டும் சில நாள் திறக்கும். ஜூனில் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னே, அமிதாப புத்தரின் எதிரே மெருகேறிய கரிய மரத்தரையில், 25 போதிசத்துவர்களுக்காக நாள்தோறும் 25 பூக்களை வைப்பது இந்தக் கோயிலின் வழக்கம். பூக்களைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் கதவின் எதிரே நிற்கும்போது அவை அங்கே இருந்தன.

பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், வேலைப்பாடில்லாத இரண்டு கற்கள், நடுவே ஒரு செர்ரி மரம். ஒரு கல்லின் கீழே எழுத்தாளர் ஜுனிச்சிரோ தனிசாகியும் மனைவி மத்சுகோவும். 1933இல் நிழலைப் போற்றிக் கட்டுரை எழுதியவர். அரக்குப் பாத்திரத்தின் மின்னலும் காகிதத் தட்டியில் வடிந்து வரும் வெளிச்சமும் இருண்ட அறையில்தான் முழுமை பெறும் என்று வாதாடியவர். தமக்கு அவர் தேர்ந்த இடத்தில் நண்பகலிலும் நல்ல நிழல். நாங்கள் இருவரும் அங்கே அதிகம் பேசவில்லை.

தெற்கே போகப் போக எய்கான்தோ. இலையுதிர் காலத்தில் சிவக்கும் மேப்பிள்களுக்காக ஊர் முழுக்க இங்கே திரளும். எங்களுக்குக் கிடைத்தது பச்சை மேப்பிள்கள், மழையில் கழுவி, ஒவ்வொரு இலையும் விரல் விரித்து. இது சிவப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பச்சை இலைக்குள்ளாக வெளிச்சம் கீழே இறங்கும். கீழே நிற்கிறவர் முகத்தில்கூடப் பச்சை படியும்.

ஆனால் நான் வந்தது ஒரு சிலைக்காக. 853இல் தோன்றிய இந்தக் கோயிலின் மலையோரக் கூடங்களைக் கூரையிட்ட நடைகளும் வளைந்தேறும் மரப்படிகளும் இணைக்கின்றன. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மரத்தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏற ஏற நடந்தால், அமிதாபர் கூடம். நடுவே 77 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரச்சிலை. புத்தர் நிற்கிறார். நேர் எதிரே நின்று கும்பிடுகிறவருக்கு அவர் முகம் முழுதாகக் கிடைப்பதில்லை. தலை இடத்தோளுக்கு மேலாகப் பின்னே திரும்பியிருக்கிறது.

கதை இது. 1082இல் ஒரு குளிர்கால விடியலில், 50 வயதான எய்கான் என்ற துறவி புத்தர் பீடத்தைச் சுற்றி நாமம் சொல்லிக்கொண்டே வலம் வந்தார். பீடத்திலிருந்து அமிதாபர் இறங்கி அவருக்கு முன்னே நடக்கத் தொடங்கினார். திகைத்துப்போன துறவி அப்படியே நின்றுவிட்டார். புத்தர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எய்கான், தாமதிக்கிறாயே."

எந்த மதத்தின் கதைகளிலும் கடவுள் முன்னே போனால் அடியார் பின்தொடர்வதுதான் வழக்கம். இங்கே கதை நிற்பது புத்தர் நடந்த இடத்திலும் அல்ல, துறவி வியந்த இடத்திலும் அல்ல. வராதவனுக்காகக் கழுத்து திரும்பிய அந்த ஒரு நொடியில். சிற்பி எவ்வளவு கூர்மையாக அதைப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். மார்பு முன்னோக்கியே இருக்கிறது. பாதங்கள் போகும் திசையில் நிற்கின்றன. ஆடை மடிப்புகளில் எந்தக் குழப்பமும் இல்லை. கழுத்துக்கு மேலேதான் திருப்பம். உடம்பு முழுவதும் திரும்பியிருந்தால் அது பயணத்தை நிறுத்தியதாகிவிடும். நடை தொடரும், ஆனால் உன்னை விட்டுவிட்டு அல்ல என்று அந்த உடம்பு சொல்வதாக நான் கண்டேன்.

முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் நடந்து பக்கவாட்டுக்குப் போக வேண்டும். கூடத்தில் அப்படிப் போக வழி வைத்திருக்கிறார்கள். நேரே நின்றவள் வலப்பக்கமாக நகர்ந்தேன். கன்னத்தின் வளைவு முதலில் வந்தது, பிறகு கண்ணிமை, பிறகு முழு முகம். கண்டிப்பு இல்லை, அவசரமும் இல்லை. பார்வை தாழ்ந்திருக்கிறது, கொஞ்சம் பின்னே, கொஞ்சம் கீழே, நடந்து வருகிறவர் நிற்கும் உயரத்தில். வேண்டுமென்றேதான் முகத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்: எதிரே நின்று கேட்பவருக்கு அல்ல, பின்னால் விடுபட்டவருக்கு. முகத்தைக் காணும்போது நாம் விடுபட்டவரின் இடத்தில்தான் நிற்கிறோம்.

என்னோடு வந்தவர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவ நான் இப்படித் திரும்புறேன்" என்றார் மெல்ல. "நிறையத்தான்" என்றேன். அதற்குமேல் பேச எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

நண்பகலுக்கு வேகவைத்த டோஃபு சாப்பிட்டோம். மண்சட்டியில் கடற்பாசித் துண்டு போட்ட சுடுநீரில் வெள்ளைக் கட்டிகள் அசையாமல் கிடக்கும். துளையிட்ட கரண்டியால் அள்ளியதும் நடுங்கும். நன்சென்ஜி மடாலயத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கு இதுதான் பேர்போனது. மழைக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை.

நன்சென்ஜியின் பெருவாசல் 22 மீட்டர் உயரம். 1615இல் ஒசாகா கோட்டைப் போரில் இறந்தவர்களுக்காக, தோதோ தகதோரா என்ற பிரபு 1628இல் கட்டிக்கொடுத்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் மிரட்சிதான் வருகிறது; தூண்களின் நடுவே உட்கார்ந்தால் அந்த மிரட்சி நிழலாகிவிடுகிறது. தலைமைக் குருவின் மாளிகையில் தோட்டக் கலைஞர் கொபோரி என்ஷுவின் பெயரோடு சொல்லப்படும் மணல் தோட்டம் இருக்கிறது. கற்களையெல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி, பெரும்பகுதியை வெறுமையாக விட்டது. நல்ல தோட்டம். ஆனால் என்னைக் கட்டி வைத்ததென்று சொல்ல மாட்டேன். வெள்ளி மண்டபத்தின் மணலைப் பார்த்த அதே நாளில் அதற்கு நியாயம் செய்ய முடியவில்லை.

மடாலயக் கூடங்களின் பின்புறம், தேவதாரு மரங்களுக்கு நடுவே, செங்கல் வளைவுகள். 93 மீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கும் தொட்டிப்பாலம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகத் தெரியும். ஆனால் ஜென் மடாலயத்தின் வளாகத்துக்குள் ரோமானியச் சாயலில் ஒரு செங்கல் பாலம் நிற்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ சோர்ந்துவிட்டது. ஊருக்கு உயிர் கொடுக்க, மலைக்கு அப்பால் இருக்கும் பீவா ஏரியிலிருந்து வாய்க்கால் வெட்டத் திட்டமிட்டார்கள். பொறியியல் கல்லூரியில் இந்த வாய்க்காலைப் பற்றியே ஆய்வேடு எழுதிய தனாபே சகுரோ என்ற இளைஞரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 1885இல் தொடங்கி 1890இல் முடிந்தது. இந்தப் பாலம் 1888இல் எழுந்தது. கோயிலுக்குள் இப்படிக் கட்டுவதை அன்று எதிர்த்தவர்கள் உண்டு.

என்னவர் மேட்டில் ஏறி, பாலத்தின் தலைப்பில் நின்று எட்டிப் பார்த்தார். நீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க, எங்க போகுது இது?" என்றேன். கையை நீட்டி வடக்கைக் காட்டினார். காலையில் எங்களுக்கு எதிராக வந்ததே, செர்ரி மரங்களின் கீழே, அதே நீர். நாள் முழுக்க நாங்கள் அதன் ஊற்றுப்பக்கம் நோக்கி நடந்து வந்திருக்கிறோம். வளைவுகளின் உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு வளைவுக்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது, முடிவில் பச்சை. செங்கல் மூட்டுகளில் சுண்ணாம்பு கசிந்து வெள்ளைத் தாரைகளாக இறங்கியிருந்தது. தாரை நின்ற இடங்களில் பாசி பிடித்திருந்தது. 130 ஆண்டு மழையில், மடாலயம் இதைத் தன் பொருளாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்த நீர் தோட்டமாகவும் ஆனது. சற்றுத் தள்ளி முரினான். யமகதா அரிதோமோ என்ற தளபதியும் அரசியல் தலைவருமானவர் 1894க்கும் 1896க்கும் நடுவே கட்டிய வீடு. தோட்டத்தை அமைத்தவர் ஏழாவது ஒகாவா ஜிஹெய். வாய்க்கால் நீரை உள்ளே கொண்டுவந்து, கிழக்கு மூலையில் மூன்று அடுக்கு அருவியாக விழவிட்டு, ஆழமில்லாத ஓடையாக வீட்டின் பக்கம் ஓட வைத்தார். பழைய தோட்டங்களில் ஓடையாகக் கருதும்படி மணலை வைத்தார்கள். ஒகாவா உண்மை நீரையே ஓடவிட்டார். பாசிக்குப் பதிலாக யமகதா கேட்டது வெளிச்சமான புல்வெளி. பாசி பிற்பாடு தானாகவே புல்லுக்குள் வந்து சேர்ந்தது. கியோட்டோவின் ஈரத்தில் அதை யாரும் தடுத்துவிட முடியாது.

இந்தத் தோட்டத்தின் அழகு முழுவதும் தாழ்வில் இருக்கிறது. மரங்களை ஓரங்களில் உயர்த்தி அடுத்த வீடுகளை மறைத்துவிட்டு, நடுவே எல்லாவற்றையும் தாழ வைத்திருக்கிறார். பாயில் உட்கார்ந்து பார்த்தால் புல்வெளி மேலேறி, ஓடை மேலேறி, அருவி இருக்கும் மரக்கூட்டம் மேலேறி, அதன் தொடர்ச்சியாகக் கிழக்கு மலையே தோட்டத்தின் கடைசி வரிசையாகிவிடுகிறது. மலையில் மேகம் இறங்கியிருந்தது. நீரின் ஓசை இடத்துக்கிடம் மாறுவதைக் கவனித்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் நீரில் பதித்திருக்கும் கற்கள் சின்னவை. அங்கே ஓசை மெலிந்து பேச்சுக்கு இடம் தருகிறது. நடைபாதையின் ஒரு பிரிவில், கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கைப்பிடி அளவுக் கல் ஒன்று கிடந்தது. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அதற்குப் பொருள். குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு நடக்கலாம், யாரும் நடப்பதில்லை.

இவ்வளவு மென்மையான தோட்டத்தை வைத்திருந்தவர் ஜப்பானின் நவீன இராணுவத்தை உருவாக்கியவர் என்பது மனதில் உறுத்துகிறது. இதே வளாகத்தில் நிற்கும் மேலைநாட்டுப் பாணிக் கட்டடத்தின் மாடியறையில், 1903 ஏப்ரலில், யமகதாவும் அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபுமியும் பிரதமர் கத்சுராவும் வெளியுறவு அமைச்சர் கொமுராவும் கூடி, ரஷ்யாவோடு என்ன செய்வது என்று பேசினார்கள். அடுத்த ஆண்டு போர் வந்தது. பொன் தீட்டிய சுவர்களோடு அந்த அறை அப்படியே இருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடைக்கு வந்துவிட்டோம்.

மச்சா தேநீர் வந்தது. பணியில் இருந்த பெண்ணிடம், இந்த ஓடை நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று கைபேசியின் மொழிபெயர்ப்பைக் காட்டிக் கேட்டார் என்னவர். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு வரைபடம் எடுத்துவந்து விரித்தார். இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் பலவும் இதே வாய்க்காலால் வாழ்கின்றன. 1895இல் எழுந்த ஹெய்யான் கோயிலின் குளங்களும் அப்படித்தான், அவையும் ஒகாவாவின் கைவேலை. அங்கே ஒரு சேதி இருக்கிறது. பீவா ஏரியில் வாழ்ந்த ஒரு வகைச் சிறுமீன், வாய்க்கால் நீரோடு மலையைக் கடந்து அந்தக் குளத்துக்கு வந்துவிட்டது. ஏரியில் அந்த இனம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகும், கோயில் குளத்தில் அது பெருகி வாழ்கிறது. கரையோரச் சேற்றில் கிடக்கும் சிப்பிக்குள் முட்டையிடும் மீன், விரல் நீளம், பக்கவாட்டில் ஒரே ஒரு நீலக்கோடு.

தனாபே மின்சாரத்துக்காகவும் படகுகளுக்காகவும் வெட்டிய வாய்க்கால். ஒகாவா அழகுக்காகத் தோண்டிய குளம். மீன் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. என்னவர் வரைபடத்தில் விரலை வைத்து, பாலத்திலிருந்து முரினானுக்கும், அங்கிருந்து ஹெய்யான் கோயிலுக்கும் கோடிழுத்தார். நடக்கிற தூரம்தான். கோயில் தோட்டம் சாத்தும் நேரம் நெருங்கியிருந்தது. "காலைல முதல் ஆளா போயிடலாம், நீலக்கோடு தெரியுதான்னு பார்ப்போம்" என்றார். சரி என்றேன். இன்னொரு கிண்ணம் தேநீர் கேட்டோம்.